மூக்கோரத்துக் கறுப்பு மச்சம்: எரிக்கும் முன் பயாப்ஸி அவசியமா?

கீழமாசிவீதி | 4 பிப்ரவரி 2024, இரவு 9.12

பெரியப்பாவுக்கு 61 வயது. இடது மூக்கு மடலும் கன்னமும் சேரும் பள்ளத்தில் மச்சம் மாதிரி கறுப்பா ஒண்ணு. மிளகு அளவில் இருந்தது, மூணு வருஷத்தில் 7 மி.மீ. ஆகியிருக்கு. வலி இல்லை, அரிப்பு இல்லை. முகம் துடைச்சா ரத்தம் கசியும், பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி கசியும். ஒரு கிளினிக்கில் "மச்சம்தான், ஆர்.எஃப். (ரேடியோ அலைச் சூடு) வெச்சு எரிச்சிடலாம்" என்கிறார்கள். வீட்டில் பெரியவங்க "கத்தி பட்டா பரவிடும், தொடாதீங்க" என்கிறார்கள். நம்ம நிறத்துக்குத் தோல் புற்றுநோயே வராதுன்னும் படிச்சேன். மூணில் எது சரி?

தோல்ஓபி | 4 பிப்ரவரி 2024, இரவு 10.40

மூணுமே சரியில்லை. எரிக்க வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். முதலில் பயாப்ஸி, அதாவது சிறு துண்டு எடுத்து லேபில் பார்ப்பது.

நீங்க சொல்ற விவரத்துக்கு முதலில் நினைக்க வேண்டியது பேசல் செல் கார்சினோமா. இனி பிசிசி என்றே எழுதுகிறேன். உலக அளவில் அதிகம் வரும் தோல் புற்று இது. வெள்ளைத் தோலில் பளபளப்பான இளஞ்சிவப்பு முடிச்சாக வரும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நம்ம முகத்தில் தேடினால் கிடைக்காது. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் வரும் பிசிசியில் பாதிக்கு மேல் கட்டிக்குள்ளேயே தோலின் நிறமியான மெலனின் சேர்ந்து கறுப்பாகவோ நீலச் சாம்பலாகவோ இருக்கும். அதனால்தான் மச்சம் என்றும் மரு என்றும் பெயர் வாங்கி வருஷக்கணக்கில் ஓடுகிறது. மெலனின் நமக்கு ஆபத்தைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு முகத்தில் புதிதாக முளைத்து வளரும் மச்சம், கசிந்து பொருக்காடி மறுபடி கசியும் மச்சம், 4 வாரத்தில் ஆறாத புண் இவற்றில் எது இருந்தாலும் பயாப்ஸி இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது.

"கத்தி பட்டா பரவும்" என்பதற்குப் பதில்: பிசிசி உடலின் வேறு பாகத்துக்குத் தாவுவது மிக மிக அரிது. பயாப்ஸியால் தாவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இருக்கும் இடத்திலேயே பக்கவாட்டிலும் ஆழத்திலும் அரித்துப் போவதுதான் இதன் குணம். தள்ளிப்போட்டால் மூக்குக் குருத்தெலும்பு வரைக்கும், கண் ஓரமானால் கண்குழி வரைக்கும் போகும். பயப்பட வேண்டியது தாமதத்துக்கு.

ஸ்லைடுமேசை | 4 பிப்ரவரி 2024, இரவு 11.25

எரிக்கிற விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆர்.எஃப்., காட்டரி, லேசர், சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது எல்லாவற்றிலும் ஒரே சிக்கல்தான்: மேல் பாகம் கருகிப் போகும், பரிசோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. அடியில் இருக்கும் வேர்கள் அப்படியே நிற்கும். மேலே தழும்பு மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஆறின மாதிரி தெரியும். உள்ளே தழும்புக்கு அடியில் பக்கவாட்டில் வளரும். திரும்பத் தலைகாட்டும்போது அளவும் தெரியாது, எல்லையும் தெரியாது.

எரித்த பிறகு கிடைக்கும் கருகின துணுக்கை அனுப்பினாலும் பயன் குறைவு. சூட்டில் செல்கள் நீண்டு, உட்கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எந்தக் கட்டி என்றே சொல்ல முடியாமல் போகும்.

தோல்ஓபி | 5 பிப்ரவரி 2024, காலை 7.05

பயாப்ஸிக்கு முன் நாங்கள் செய்வது. இதைப் படித்துவிட்டுப் போனால் டாக்டர் எதைப் பார்க்கிறார் என்று புரியும்.

முதலில் பொருக்கை ஊறவைத்து எடுக்கணும். பொருக்குக்கு மேல் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிக்கணும். பிசிசியாக இருந்தால் ஓரம் லேசாகச் சுருண்டு எழும்பி, முத்து மாதிரி மினுங்கும். கறுப்புக் கட்டியில்கூட விளிம்பில் எங்காவது ஒரு துளி இடத்தில் இந்த மினுக்கு தெரியும்.

அடுத்து டெர்மோஸ்கோப். 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கருவி. கண்ணாடியைத் தோலில் அழுத்தி வைத்தால் மெல்லிய ரத்தக்குழாய்கள் வெளிறி மறைந்துவிடும். அதனால் அல்ட்ராசவுண்ட் ஜெல்லைத் தாராளமாக வைத்து, பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். கண் பக்கத்தில் ஸ்பிரிட் கூடாது, ஜெல்தான்.

உள்ளே தேடுவது: மரக்கிளை போலப் பிரியும் குழாய்கள், நீலச் சாம்பல் முட்டை வடிவத் திட்டுகள், அதே நிறத்தில் சிறு உருண்டைகள், ஓரத்தில் இலை வடிவத் துருத்தல்கள், நடுப்புள்ளியிலிருந்து ஆரம் விரியும் சக்கர வடிவம், புண். ஆஸ்திரேலியாவில் ஸ்காட் மென்சீஸ் குழு 2000-இல் வெளியிட்ட விதி: மச்சத்துக்குரிய பழுப்பு நிற வலைப்பின்னல் இருக்கக் கூடாது, மேலே சொன்ன ஆறில் ஒன்றாவது இருக்க வேண்டும். அவர்கள் ஆய்வில் நிறமுள்ள பிசிசியில் 97 சதவீதம் இதில் சிக்கியது.

ஸ்லைடுமேசை | 5 பிப்ரவரி 2024, காலை 8.30

அந்த விதியை நம் தோலில் வைக்கும்போது ஒரு கவனம். நம்மில் கறுப்பு நிறக்காரர்களுக்குச் சாதாரணத் தோலிலேயே வலைப்பின்னல் இருக்கும். கட்டியின் ஓரத்தில் அது தெரிந்தால் "வலை இருக்கு, அப்போ மச்சம்தான்" என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. வலை கட்டிக்குள் இருக்கிறதா, சுற்றியுள்ள தோலில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கணும். கறுப்பு அடர்த்தியாக இருந்தால் கிளைக்குழாயும் கண்ணில் படாமல் போகலாம். அப்போது நீலச் சாம்பல் திட்டுகள்தான் கைகொடுக்கும்.

தோல்ஓபி | 5 பிப்ரவரி 2024, மதியம் 1.50

சரியான திருத்தம். அதோடு, எதனோடு குழப்பிக்கொள்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செபோரிக் கெரட்டோசிஸ், அதாவது வயதானவர்கள் முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்த மாதிரி வரும் சொரசொரப்பான கறுப்பு மரு. டெர்மோஸ்கோப்பில் வெள்ளைப் புள்ளிகளும் கரும்புள்ளி அடைப்புகளும் நிறையத் தெரியும். தானாகக் கசியாது. நகம் பட்டு உரசினால் கசியலாம்.

நெற்றியில் மஞ்சள் சாயலில் நடுவில் குழியோடு வரும் எண்ணெய்ச் சுரப்பி வீக்கம். அதிலும் குழாய்கள் தெரியும், ஆனால் ஓரத்தில் கிரீடம் மாதிரி நிற்கும், நடுவைக் கடக்காது. பிசிசியில் குழாய் கட்டியின் மேலே குறுக்கே ஓடும்.

முதுகிலும் மார்பிலும் வரும் மேலோட்டமான வகை இன்னொரு தலைவலி. தட்டையான சிவந்த படை. படர்தாமரை என்று மருந்துக்கடையில் கிரீம், சொரியாசிஸ் என்று ஸ்டீராய்டு எனக் காலம் போகும். ஸ்டீராய்டு போட்டால் சிவப்பு குறைந்து குணமாகிற மாதிரி ஏமாற்றும். பல மாதமாக ஒரே ஒரு படை, ஒரே இடத்தில், மெல்லிய நூல் மாதிரி எழும்பிய விளிம்போடு இருந்தால் பயாப்ஸி செய்யணும்.

மெலனோமாவும், அதாவது நிறமிச் செல்லில் தொடங்கும் ஆபத்தான தோல் புற்றும், இந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் சந்தேகம் வலுவாக இருந்தால் துளி எடுப்பது போதாது. முடிந்தவரை முழுசாக, சுற்றி 2 மி.மீ. நல்ல தோலோடு எடுத்து அனுப்புவதுதான் முறை.

கீழமாசிவீதி | 5 பிப்ரவரி 2024, மாலை 6.15

நன்றி டாக்டர். வியாழக்கிழமை பயாப்ஸிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பெரியப்பா ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். நிறுத்தணுமா? என்ன செய்வாங்கன்னு சொன்னா அவருக்கும் தைரியமா இருக்கும்.

ஓடிநர்ஸ் | 5 பிப்ரவரி 2024, இரவு 8.20

ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. இந்த அளவு பயாப்ஸிக்கு அது தேவைப்படாது, ரத்தம் கொஞ்சம் கூட வந்தா அழுத்திப் பிடிச்சா நிற்கும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்கதான் ஐ.என்.ஆர்.னு ரத்தம் உறையுற டெஸ்ட் பார்த்துட்டு வரணும். என்னென்ன மாத்திரைன்னு சீட்டோட கொண்டு போங்க.

அங்கே நடக்கிறது வரிசையா:

முதல்ல போட்டோ. இது ரொம்ப முக்கியம். மூணு போட்டோ வேணும்: முழு முகம், மூக்கும் கண்ணும் சேர்ந்து தெரியுற மாதிரி ஒண்ணு, பக்கத்துல மி.மீ. ஸ்கேல் வெச்சு நெருக்கமா ஒண்ணு. ரிப்போர்ட் வந்து ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள பயாப்ஸி இடம் ஆறிடும். அப்புறம் எந்த இடம்னே தெரியாம வேற மச்சத்தை எடுத்த சம்பவமெல்லாம் உலகம் பூரா நடந்திருக்கு. அவங்க எடுக்கலைன்னா நீங்க போன்ல எடுத்து வெச்சுக்கோங்க.

அடுத்து ஊசி போடுறதுக்கு முன்னாடி பேனாவால எல்லையை வரைஞ்சுடுவாங்க. மருந்து ஏறினா தோல் உப்பும், அட்ரினலினால வெளிறும், அப்புறம் ஓரம் தெரியாது.

மரத்துப்போற ஊசி: அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் 2 சதவீதம், இவ்வளவு சின்ன இடத்துக்கு 0.5 முதல் 1 மி.லி. போதும். இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசு. மெதுவா ஏத்தினா வலி கம்மி. போட்டதும் கத்தியை எடுத்துட முடியாது, 7 முதல் 10 நிமிஷம் காத்திருந்தாதான் ரத்தக்குழாய் சுருங்கும்.

பஞ்ச்னு வட்டமான பிளேடு. 4 மி.மீ. எடுப்பாங்க. தோல்ல இயற்கையா இருக்கிற சுருக்கக் கோட்டுக்குக் குறுக்கா இழுத்துப் பிடிச்சு, ஒரே பக்கமா சுழற்றி, கொழுப்பு தெரியுற ஆழம் வரைக்கும் இறக்குவாங்க. கையை எடுத்ததும் வட்டம் நீள்வட்டமா ஆகும், தையல் மடிப்பில்லாம உட்காரும். துண்டை ஃபோர்செப்ஸால (இடுக்கி) கவ்வி இழுக்கவே கூடாது, நசுங்கிடும். ஊசி முனையால தூக்கி, அடியில கத்தரியால வெட்டணும்.

முகத்துல 6-0 தையல் ஒண்ணு ரெண்டு. 5 முதல் 7 நாள்ல பிரிக்கலாம்.

ஸ்லைடுமேசை | 5 பிப்ரவரி 2024, இரவு 9.45

ஃபோர்செப்ஸ் பற்றிச் சொன்னது பொன்னான வார்த்தை. நசுங்கின துண்டில் செல்கள் நீலக் கோடுகளாக இழுபட்டுக் கிடக்கும். அதை வைத்து என்ன சொல்வது?

எங்கிருந்து எடுப்பது என்பதும் அதே அளவு முக்கியம். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த திசுவும் சீழ்ச்செல்லும்தான் வரும். மிகத் தடித்து எழும்பின ஓரத்திலிருந்து, கட்டி முழு ஆழத்துக்கும் வரும்படி எடுக்கணும். கட்டி ஓரிடத்தில் முடிச்சாகவும் ஓரிடத்தில் தழும்பு மாதிரி வெளுத்தும் இருந்தால் இரண்டு இடத்தில் எடுத்து, இரண்டு பாட்டிலில், தனித்தனிப் பெயரோடு அனுப்பணும்.

மேலாகச் சீவி எடுக்கும் ஷேவ் முறையில் பிசிசி என்று சொல்லிவிட முடியும். ஆழத்தில் எந்த வகை என்று சொல்ல முடியாது. சிகிச்சையை முடிவு செய்வது அந்த வகைதான்.

பாட்டில் விஷயம். திசு கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின். கடையில் கிடைக்கும் அடர் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் அல்லது பஃபர். துண்டின் அளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்கணும். சலைனில் போட்டால் அழுகும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கி இறுகும். ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும். பல ஊர்களில் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவது வழக்கம். வாங்கும்போதே "இது ஃபார்மலின்தானே?" என்று கேளுங்கள். பெயர் பாட்டிலின் உடம்பில் ஒட்டியிருக்கணும், மூடியில் அல்ல. லேபில் மூடியைக் கழற்றி வைத்தால் பெயர் போய்விடும்.

கூடப் போகும் சீட்டில் வயது, இடம், வலதா இடதா, அளவு, எத்தனை நாள், முன்பு எரித்ததுண்டா, டாக்டரின் சந்தேகம் என்ன, எல்லாம் வேண்டும். "தோல் கட்டி, பார்க்கவும்" என்று மட்டும் வரும் சீட்டுக்கு நல்ல பதில் எழுத முடியாது.

ஓடிநர்ஸ் | 6 பிப்ரவரி 2024, காலை 6.30

ஒண்ணு விட்டுட்டேன். ரத்தம் நிறுத்த மான்செல் திரவம் சில இடத்துல வைப்பாங்க. அதுல இரும்பு இருக்கு, தோல்ல பழுப்புக் கறை தங்கிடும். கறுப்புக் கட்டிக்கு அது வேண்டாம். அழுத்திப் பிடிச்சுத் தையல் போட்டாலே போதும்.

இமைப்பக்கம் | 6 பிப்ரவரி 2024, மதியம் 2.10

மூக்கோரம் என்றதால் கண் பக்கத்தையும் சொல்கிறேன். பிசிசிக்குப் பிடித்த இடங்களில் கீழ் இமையும் கண்ணின் உள் மூலையும் முக்கியமானவை. 1827-இல் டப்ளினில் ஆர்தர் ஜேகப் இந்த நோயை விவரித்து எழுதியதே இமைப் புண்ணை வைத்துத்தான்.

இமையில் பார்க்க வேண்டிய அடையாளம்: கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்திருக்கும். சாதாரணக் கண்கட்டியில் அப்படிப் பெரும்பாலும் ஆகாது. கீறி விட்ட கட்டி அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மறுபடி கீறுவது தப்பு, துண்டு அனுப்பணும். நம் நாட்டில் இமையில் எண்ணெய்ச் சுரப்பிப் புற்று வெளிநாடுகளைவிடக் கணிசமான பங்கு வகிக்கிறது. அது மேல் இமையில் அதிகம், பிசிசி போல் சாதுவும் இல்லை, நெறிகட்டும். அதனால் இமையில் வந்ததைப் பார்த்தவுடன் பிசிசி என்று ஆறுதல் சொல்லக் கூடாது.

தோல்ஓபி | 6 பிப்ரவரி 2024, இரவு 9.30

இதற்கு நேர்மாறான ஒன்று: புற்று மாதிரி தெரிந்து புற்று இல்லாதது. கண்ணாடி அணிபவர்களுக்கு மூக்குப் பாலத்தின் பக்கவாட்டிலும் காதுக்குப் பின்னாலும் பளபளப்பான முடிச்சு வரும். பிரேம் அழுத்தும் அதே இடத்தில், நடுவில் ஒரு நேர்கோட்டுப் பள்ளத்தோடு இருக்கும். பிசிசி என்று பயந்து வருவார்கள். பிரேமை மாற்றி, பேடைச் சரிசெய்து, சில வாரம் பார்க்கலாம். சுருங்கினால் நல்லது. சுருங்காவிட்டால் பயாப்ஸி. காத்திருப்பதற்கு நியாயம் உள்ள இடம் இது ஒன்றுதான். உங்கள் பெரியப்பா விஷயத்தில் அந்த நியாயம் இல்லை.

கீழமாசிவீதி | 15 பிப்ரவரி 2024, மாலை 5.40

ரிப்போர்ட் வந்துடுச்சு. "மேல்தோலும் மேல் டெர்மிஸும் (உட்தோல்) மட்டும். சூரிய ஒளியால் சிதைந்த நார்கள், லேசான அழற்சி. இந்தப் பிரிவுகளில் கட்டி இல்லை." வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்போ மச்சம்தானே?

ஸ்லைடுமேசை | 15 பிப்ரவரி 2024, மாலை 6.05

இல்லை. "இந்தப் பிரிவுகளில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மூணு வருஷமாக வளரும் 7 மி.மீ. கறுப்புக் கட்டியிலிருந்து எடுத்த, கறுப்பே இல்லாத ஒரு துண்டைப் பார்த்துவிட்டு எழுதப்பட்ட ரிப்போர்ட் இது. மச்சம் என்றும் இதில் எழுதவில்லை, கவனித்தீர்களா? மச்சத்தின் செல்கள் இருந்தால் எழுதியிருப்பார்கள். கண்ணில் பட்ட கட்டிக்கும் ஸ்லைடில் வந்ததற்கும் பொருத்தம் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

துண்டு மெழுகில் பதித்த பிளாக்காக லேபில் இருக்கும். அதிலிருந்து 4 மைக்ரான் கனத்தில் சில சீவல்தான் இதுவரை பார்த்திருப்பார்கள். ஒரு பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டி முதல் சீவலில் வராமல் போவது சாதாரணம். டாக்டர் வழியாக "டீப்பர் லெவல்" கேளுங்கள், பிளாக்கை இன்னும் ஆழமாகச் சீவிப் பார்ப்பார்கள். புதிதாக ஊசி கிடையாது. அந்த போட்டோவையும் லேபுக்கு அனுப்புங்கள்.

தோல்ஓபி | 15 பிப்ரவரி 2024, இரவு 10.00

அதிலும் ஒன்றும் வராவிட்டால் மறுபடி பயாப்ஸி, இந்த முறை தடித்த விளிம்பில், கொழுப்பு வரை. "மேல் டெர்மிஸ் மட்டும்" என்பதைப் பார்த்தால் ஆழம் போதவில்லை என்றே தோன்றுகிறது. சந்தேகம் வலுவாக இருக்கும்போது ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட் கோப்பை மூடுவதற்கான காரணம் ஆகாது.

கீழமாசிவீதி | 24 பிப்ரவரி 2024, காலை 11.20

டீப்பர் லெவல் பார்த்ததில் ஓரத்தில் சிறு கூட்டம் ஒன்று தெரிந்ததாம், முடிவாகச் சொல்ல முடியலைன்னு மறுபடி எடுத்தாங்க. இப்போ வந்தது: "நிறமுள்ள நோடுலர் பேசல் செல் கார்சினோமா. அடிப்பகுதியில் இன்ஃபில்ட்ரேடிவ் கூறு. நரம்பைச் சுற்றிய பரவல் காணப்படவில்லை." இதுக்கு என்ன அர்த்தம்? ஸ்கேன் எடுக்கணுமா?

ஸ்லைடுமேசை | 24 பிப்ரவரி 2024, மதியம் 12.45

நோடுலர் என்றால் செல்கள் உருண்டைத் திரளாக இருக்கின்றன. ஓரத்துச் செல்கள் வேலிக்கால் மாதிரி வரிசையாக நிற்கும், திரளுக்கும் சுற்றியுள்ள நாருக்கும் நடுவே பிளவு தெரியும். இன்ஃபில்ட்ரேடிவ் என்றால் அடியில் சில செல்கள் திரளைவிட்டுப் பிரிந்து, மெல்லிய கூரான இழைகளாக நாருக்குள் நுழைகின்றன. கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கக்கூடியது இந்த இழைதான். முதலில் எரித்திருந்தால் தப்பி நின்றிருக்கக்கூடியதும் இதுவே.

இதோடு மிகவும் குழம்பும் ஒரு தீங்கில்லாத கட்டி உண்டு, மயிர்க்கால் சார்ந்த டிரைக்கோஎபிதீலியோமா. அதன் தழும்பு வகையும் பிசிசியின் தழும்பு வகையும் மேலோட்டமான சிறு துண்டில் ஒரே மாதிரி தெரியும். அங்கே சி.கே. 20, ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் போன்ற சாயங்கள் போடுவோம். ஸ்குவாமஸ் என்ற இன்னொரு தோல் புற்று வகையிலிருந்து பிரிக்க பெர்-இ.பி.4 உதவும். உங்களுக்கு வந்த விவரணையில் அவை தேவைப்படாது.

தோல்ஓபி | 24 பிப்ரவரி 2024, இரவு 8.50

எல்லாருக்கும் ஸ்கேன் தேவையில்லை. கட்டி அடியோடு ஒட்டி அசையாமல் இருந்தாலோ, மரத்துப்போதல் அல்லது ஊர்வது போன்ற உணர்வு இருந்தாலோ, எலும்பு, கண்குழி, நரம்பு சந்தேகம் இருந்தாலோ சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கணும். விரலால் நகர்த்தினால் தோலோடு நகர்கிறதா என்று பார்த்துச் சொல்லுவார்கள்.

முகத்தில் 2 செ.மீ.க்குக் குறைவான, எல்லை தெளிவான, சாது வகைக்குச் சுற்றிலும் 4 மி.மீ. விட்டு எடுப்பது வழக்கம். இங்கே அந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. மூக்கோரப் பள்ளம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகமுள்ள இடம், வகையும் ஊடுருவும் வகை. மோஸ் முறை, அதாவது எடுக்க எடுக்க முழு விளிம்பையும் அடியையும் உடனுக்குடன் பார்த்து முன்னேறும் முறை, கிடைக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஆபரேஷன் நடக்கும்போதே துண்டை உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன், அல்லது எடுத்துவிட்டு விளிம்பு ரிப்போர்ட் வந்த பிறகு மூக்கைச் சீரமைப்பது. விளிம்பு தெரியாமல் பக்கத்துத் தோலைத் திருப்பி மூடினால், மிச்சம் இருந்தாலும் அந்தத் தோலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

கூடவே முழு உடம்பையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிசிசி வந்தவருக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு அதிகம். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், முதுகில், எல்லா இடமும். உள்ளங்கையில் சொரசொரப்பான ஆணிகள் நிறைய இருந்தால், ஆர்சனிக் கலந்த நீரோ மருந்தோ நெடுநாள் உட்கொண்டாரா என்று கேட்பார்கள்.

இமைப்பக்கம் | 25 பிப்ரவரி 2024, காலை 9.15

வயதையும் சேர்த்துப் பாருங்கள். 61-இல் ஒன்று வருவது வேறு. இருபதுக்குள் பல வந்தால் கோர்லின் நோய்க்குறி: உள்ளங்கையில் சிறு குழிகள், தாடையெலும்பில் நீர்க்கட்டி, பி.டி.சி.எச். 1 மரபணுவில் கோளாறு. பத்து வயதுக்குள்ளேயே முகம் முழுக்கப் புள்ளியும் வறட்சியும் தோல் புற்றும் வந்தால் சீரோடெர்மா பிக்மென்டோசம். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில் அதை மறக்கக் கூடாது. அந்தக் குழந்தைகளில் பலருக்கு வெயில் பட்டாலே தோல் கடுமையாகப் புண்படும். இரண்டு வயதுக்குள் புள்ளிகள் தெரிந்தாலே காட்டணும்.

கீழமாசிவீதி | 25 பிப்ரவரி 2024, மாலை 4.30

மோஸுக்கு வேற ஊர் போகணும்கிறாங்க. அங்கே மறுபடி பயாப்ஸி எடுப்பாங்களா?

ஸ்லைடுமேசை | 25 பிப்ரவரி 2024, மாலை 5.10

பெரும்பாலும் வேண்டியிருக்காது. இந்த லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு பயாப்ஸியின் எண்ணும் ரிப்போர்ட்டும் சேர்த்து. ஸ்லைடு உடையும், டிஷ்யூ பேப்பரில் சுற்றாமல் பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டியில் வையுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், மெழுகு இளகும். முதல் போட்டோ மூன்றையும் பிரின்ட் எடுத்து அதே உறையில் போடுங்கள், இரண்டு முறை துண்டு எடுத்த இடம் இப்போது தழும்பாகத்தான் தெரியும்.

மோஸ் இல்லாமல் சாதாரண முறையில் கட்டியை எடுத்தால் ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: பக்கவாட்டு விளிம்பு எத்தனை மி.மீ. தள்ளி, அடி விளிம்பு எத்தனை மி.மீ. தள்ளி, நரம்புப் பரவல் உண்டா இல்லையா. "விளிம்பு சுத்தம்" என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஓடிநர்ஸ் | 25 பிப்ரவரி 2024, இரவு 8.00

எடுத்த சதையில 12 மணி திசைக்கு (தலைப்பக்க ஓரம்) ஒரு நூல் கட்டி அனுப்பச் சொல்லுங்க. மிச்சம் இருக்குன்னு வந்தா எந்தப் பக்கம்னு தெரியணுமில்ல.

தையல் பிரிச்ச அப்புறம் தழும்போரத்துல புதுசா கறுப்புப் புள்ளியோ, மினுக்கோ, கசிவோ வந்தா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம ஐயாவைக் கூட்டிட்டுப் போங்க.

கீழமாசிவீதி | 25 பிப்ரவரி 2024, இரவு 9.20

நாளைக்கே ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிடறேன். எரிக்கச் சொன்ன கிளினிக்குக்கும் இந்த ரிப்போர்ட்டில் ஒரு பிரதி கொடுக்கப் போறேன்.